கலைச்சொல் வேண்டல்: கொடுமணல் முப்பரிமாண உருக்களுக்கு இரு சொற்கள்

வணக்கம்.

கொடுமணல் தொல்லியல் தளம் பற்றிக் கைப்பேசிச் செயலிக்கும் பள்ளித் திரைக்கும் எழுதும்போது எல்லா முப்பரிமாண உருவையும் ‘மீட்டுருவாக்கம்’ என்றே குறிக்கிறோம். நொய்யல் கரையில் இன்றும் நிற்கும் கற்பதுக்கையை (கற்பலகைகளால் அமைத்த பழங்காலக் கல்லறையை) ஒளிப்படங்களிலிருந்து கணித்த உருவும், அடிப்பகுதி மட்டும் கிடைத்த இரும்பு உலைக்குச் சுவரும் கூரையும் வரைந்து சேர்த்த உருவும் ஒன்றல்ல. திரையில் இரண்டும் ஒரே மெருகோடு சுழல்கின்றன. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வேறுபாடு எப்படித் தெரியும்? முன்னதை ‘அளவுரு’ என்றும் பின்னதை ‘கருதுரு’ என்றும் அழைக்கலாமா?

(சென்னிமலையிலிருந்து)

—

ஐயா, பிரிக்க வேண்டும் என்பதில் மறுபேச்சே இல்லைங்க. சொற்கள்தான் இடிக்கின்றன. ‘அளவுரு’ கணிதத்தில் பாராமீட்டருக்கு நிலைத்துவிட்டது. ‘கருதுரு’வில் ஓர் ஒற்று கூடினால் ‘கருத்துரு’. அரசு அலுவலகக் கோப்பில் அதற்கு வேறு பொருள். ‘பதிவுரு’, ‘ஊகவுரு’ என வைப்போம். ஊகம் என்ற சொல் ஊர்ப் பேச்சிலும் உண்டு.

ஆனால் வரையறை கறாராக இருக்க வேண்டும், ஏனென்றால் பதிவுருவுக்குள்ளேயே ஊகம் புகுந்துவிடும். பதுக்கையின் இடுதுளையை, அதாவது பலகைக் கல்லில் குடைந்த துளையை, எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருட்டு, படத்தில் கரும்பரப்பாக விழுவதால் மென்பொருளுக்குப் பொருத்திப் பார்க்கப் புள்ளிகளே கிடைக்காது. புள்ளிகளை இணைத்து முக்கோண வலை பின்னும்போது ‘ஓட்டை நிரப்பு’ வசதி இயங்கினால் துளையை வழவழப்பான கல்லாக மூடிவிடும். ஈமச்சின்னத்தின் முக்கிய அடையாளமே காணாமல் போகும்! அந்த வசதியை நிறுத்திவிட்டு, துளைக்குள் பரவலான வெளிச்சம் கொடுத்துத் தனியாக 30, 40 படம் எடுத்துச் சேர்க்க வேண்டும். அடுத்தடுத்த படங்கள் 70 முதல் 80 விழுக்காடு ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும்; நடுவில் சூமை மாற்றக் கூடாது. உச்சி வெயிலில் எடுத்தால் நிழல் கல்லின் நிறமாகவே ஒட்டிக்கொள்ளும், மேகமூட்டமே நல்லது. ஒரு மீட்டர் அளவுகோல் இரண்டு படத்தில் விழாவிட்டால் வடிவம் சரியாக வரும், உண்மையான அளவு மட்டும் தெரியாது.

ஆகவே வரையறை: ‘பதிவுரு – புலத்தில் பதிந்த படம் அல்லது லேசர் அளவீட்டிலிருந்து மட்டும் கணித்தது, அளவுகோலும் பதிந்த நாளும் உடையது, நிரப்பிய பகுதி சாம்பல் நிறத்தில் இருக்கும்.’

(ஈரோட்டிலிருந்து)

—

ஏற்கிறேன் அம்மா. சாம்பல் நிற விதியை ஊகவுருவுக்கும் நீட்டலாம்: உலையில் கிடைத்த அடிப்பகுதிக்கு அதன் உண்மை நிறம், மேலே சேர்த்ததெல்லாம் சாம்பல். திரையைத் தொட்டால் ஊகத்தின் அடிப்படை ஒரு வரியில் வர வேண்டும்.

பளிங்கு (குவார்ட்ஸ்) மணிகள் இரண்டிலும் அடங்கவில்லை. பதிற்றுப்பத்து கொடுமணத்தை (கொடுமணலின் பழம்பெயர்) பாடியதே அணிகலனுக்குத்தான், செயலியில் மணி இல்லாமல் முடியாது. ஒளி ஊடுருவுவதால் படக் கணிப்பு அங்கே தோற்கிறது. வெர்னியர் அளவியால் விட்டமும் துளையும் அளந்து கணினியில் வரைகிறார்கள். அளவு உண்மை, பரப்பு கையால் வந்தது. இதற்கு ‘வரைவுரு’ என்று மூன்றாவது சொல் வேண்டுமா, பதிவுருவின் உட்பிரிவாக வைக்கலாமா? மணிகளை அளந்து பழகியவர்கள் சொல்லுங்கள்.

(சென்னிமலையிலிருந்து)