தென் இத்தாலிக் கடற்கரையில் அம்மாவோடு எட்டு நாள்: பகலில் எங்கே போய் வரலாம்?

பாளையங்கோட்டைக்காரி:
மிலானில் வேலை பார்க்கும் தங்கச்சிக்கு ஆகஸ்டில்தான் லீவு என்பதால் 9 முதல் 17 வரை புலியா பக்கம் மோனோபோலி என்ற ஊரில் கடலை ஒட்டி ஒரு வீடு பிடித்திருக்கிறோம். நான், வீட்டுக்காரர், தங்கச்சி, அம்மா. அம்மாவுக்கு 67 வயது, முழங்கால் வலி உண்டு, சுத்த சைவம், முட்டை கூடக் கிடையாது. வீட்டுக்காரர் கார் எடுத்து ஒரே நாளில் நேப்பிள்ஸ், பொம்பெயி வரை போய் வந்துவிடலாம் என்கிறார். அம்மா கேட்டது ரெண்டுதான்: தினமும் காலில் கடல் தண்ணீர் படணும், பழைய கோயில் ஒன்று பார்க்கணும். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

உவரிக்காரன்:
தங்கச்சி, நேப்பிள்ஸை முதலில் விட்டுவிடுங்கள். அது எதிர்க் கடற்கரை, காரில் ஒரு வழிக்கே மூன்று மணி நேரத்துக்கு மேல், நம்மூரிலிருந்து திருச்சி போய் அன்றைக்கே திரும்புகிற மாதிரி. அம்மாவை வைத்துக்கொண்டு அது வேண்டாம்.

நான் கப்பலில் இருந்த காலத்தில் பாரி துறைமுகம் பழக்கம், அப்புறம் குடும்பத்தோடும் போய் மோனோபோலியில் தங்கினோம். பாரி, போலிஞானோ, மோனோபோலி, ஒஸ்தூனி, லெச்சே எல்லாம் ஒரே ரயில் பாதை. போலிஞானோ சில நிமிஷம்தான், பாறை மேல் தொங்குகிற மாதிரி ஊர், ஆனால் அங்கே கரை முழுக்கக் கூழாங்கல், அம்மா கால் நனைக்க மோனோபோலி மணல்தான் நல்லது. பாரியில் புனித நிக்கோலா கோயில் பாருங்கள். 1087-ல் பாரி மாலுமிகள் இன்றைய துருக்கியில் இருக்கும் மீராவிலிருந்து அவருடைய எலும்புகளைக் கொண்டுவந்து கீழறையில் வைத்தார்கள், கடலோடிகளுக்குக் காவல் அவர். நான் அங்கே நின்றபோது ரஷ்யப் பெண்கள் தலையில் முக்காடு போட்டு அழுது ஜெபம் செய்துகொண்டிருந்தார்கள், எனக்கும் கண் கலங்கிவிட்டது.

பக்கத்துச் சந்தில் வீட்டு வாசலில் பலகை போட்டு ஒரெக்கியெத்தே பாஸ்தா செய்கிற பெண்களையும் பாருங்கள். ரவை மாவைக் கயிறு மாதிரி உருட்டி, துண்டு போட்டு, மொட்டைக் கத்தியால் ஒரு இழுப்பு இழுத்துக் கட்டைவிரலில் கவிழ்த்தால் சின்னக் காது மாதிரி வந்துவிடும். மாவும் தண்ணீரும் மட்டும்தான், முட்டை கிடையாது.

ஆகஸ்ட் 14 சாயங்காலம் எங்கும் போகாதீர்கள். மோனோபோலிக் கோயில் கூரைக்கு உத்திரம் இல்லாமல் வேலை நின்றிருந்தபோது, 1117-ல் மாதா படம் ஒரு தெப்பத்தில் துறைமுகம் வந்து சேர்ந்தது, அந்தத் தெப்பக் கட்டைகளே உத்திரமாயின என்று மோனோபோலிக்காரர்கள் நம்புகிறார்கள். அன்றைக்கு மாதாவைத் திரும்பவும் கடல் வழியாகக் கொண்டுவருவார்கள். எங்கள் ஊர்க் கப்பல் மாதா கோயிலைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அம்பைக்காரி:
அக்கா, நாங்களும் சைவம்தான், அதனால் சாப்பாட்டை நான் சொல்கிறேன். ஒரெக்கியெத்தேயைக் கீரை போட்டுத் தருவார்கள், கீரைதானே என்று வாங்கினால் அதில் பெரும்பாலும் நெத்திலி கரைந்திருக்கும். ‘சென்ட்ஸா அச்சூகே’ என்று சொல்லுங்கள், நெத்திலி வேண்டாம் என்று அர்த்தம். காய்ந்த மொச்சை மாதிரி ஒரு பயறை வேகவைத்துக் கடைந்து, பக்கத்தில் கசப்புக் கீரை வைத்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றித் தருகிற ‘ஃபாவே எ சிக்கோரியா’வை அம்மா கண்டிப்பாக விரும்புவார்கள். மதியம் கடைகள் அடைத்துவிடுவார்கள், ராத்திரிச் சாப்பாடு ஏழரைக்கு முன்னால் கிடைக்காது, வீட்டில் கொஞ்சம் அரிசியும் பருப்பும் இருக்கட்டும்.

கார் ரெண்டு நாளைக்குப் போதும். நம் லைசென்ஸோடு சர்வதேச அனுமதிச் சீட்டும் வேண்டும். பழைய ஊர்களுக்குள் கேமரா வைத்த தடைப் பகுதி உண்டு, பலகையைக் கவனிக்காமல் நுழைந்து, ஊர் திரும்பி நாலு மாதம் கழித்து எங்களுக்கு அபராதம் வந்தது. அல்பெரோபெல்லோவுக்குக் காலை ஒன்பதுக்கு முன்னால் போய்விடுங்கள். சுண்ணாம்புக்கல் வீடுகள், கூம்புக் கூரை, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் சாந்தே கிடையாது, நான் விரலை விட்டுப் பார்த்தேன். கூட்டமெல்லாம் மோன்தி பக்கம்தான், நீங்கள் அயா பிக்கோலா பக்கம் நடங்கள், அங்கே இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். போகிற வழியெல்லாம் நம் தேரிக்காடு மாதிரி செம்மண், அதில் ஆலிவ் மரங்கள். கஸ்தெல்லானா குகை அருமைதான், ஆனால் நிறையப் படி, அம்மாவுக்கு வேண்டாம்.

பாளையங்கோட்டைக்காரி:
ரொம்ப நன்றி. மத்தேரா போகலாமா? தங்கச்சிக்கு ஆசை. படியைப் பற்றி எல்லாரும் பயமுறுத்துகிறார்கள்.

தாழையூத்து:
கட்டாயம் போங்கள். பாறையைக் குடைந்த வீடுகள், 1952-ல் சட்டம் போட்டு ஆயிரக்கணக்கான ஜனங்களை வெளியேற்றினார்கள், அதே ஊர் 1993-ல் யுனெஸ்கோ பட்டியலில் வந்தது, 2019-ல் ஐரோப்பியக் கலாசாரத் தலைநகரும் ஆனது. உள்ளே இறங்கினால் படிதான். ஆனால் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் முர்ஜியா திமோனே என்று ஒரு மேடு உண்டு, காரில் கிட்டப் போகலாம், அங்கிருந்து ஊர் முழுசும் எதிரில் தெரியும். அம்மாவை அங்கே உட்கார வைத்துக் காட்டிவிட்டு, அப்புறம் மேல் ஊர்ச் சதுக்கத்தில் அம்மாவோடு ஒருவர் இருந்துகொண்டு, மற்றவர்கள் மட்டும் இறங்கி வாருங்கள். வெயில் தாழ நாலு மணிக்கு மேல் போனால் விளக்கு ஏற்றுவதையும் பார்க்கலாம்.

பாளையங்கோட்டைக்காரி:
அந்தத் தெப்பக் கதையை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். 14-ம் தேதி நான் வீட்டை விட்டு நகர மாட்டேன், துறைமுகத்துக்கு மட்டும் கூட்டிப்போ என்று சொல்லிவிட்டாள்.

உவரிக்காரன்:
அப்போ ஒரு மடக்கு நாற்காலி எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டுவதற்கு ரொம்ப முன்னாலேயே போய் முன்வரிசையில் போட்டுவிடுங்கள், பின்னால் போனால் அம்மாவுக்குத் தலைகள்தான் தெரியும்.