குவார்ட்டரிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம் நண்பர்களே,

செய்முறைத் தாள் தொலைந்து, பாதியில் நின்றுபோன நீராவி இஞ்சின் மாதிரிக் கிட்டை (துண்டுகளாக வாங்கி நாமே கூட்டுவது) முடிப்பதற்கான குறிப்புகளைத் தமிழில் எழுதி வருகிறோம். எடுத்துக்கொண்டது, உண்மையில் ஓர் அடி 4 மி.மீ. ஆகும் அளவில் ஒரு பிரிட்டிஷ் 0-6-0, அதாவது மூன்று இருசுகளில் (சக்கர அச்சுகளில்) ஆறு இயக்கு சக்கரங்கள் மட்டும் உள்ளது. பித்தளைச் சட்டகம் பற்றவைத்த நிலையில் இருக்கிறது, சக்கரங்கள் தனியே. எழுத்து ‘குவார்ட்டரிங்’ என்ற இடத்தில் நிற்கிறது. ஒரே இருசின் இரு முனைகளிலும் உள்ள வணரிகள் (கிராங்க்) 90 பாகை விலகி நிற்குமாறு சக்கரங்களை ஏற்றுவதுதான் அது. ஒரு பக்கத்து பிஸ்டன் கோடிக்குப் போய்த் தள்ள முடியாமல் நிற்கும் நொடியில் மறுபக்கத்து பிஸ்டன் தள்ளும். அதற்காகவே இந்த விலகல்.

‘கால்திருப்பம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். கால் வட்டம் திருப்புவதால். கருத்துச் சொல்லுங்கள்.

மறுமொழி:

‘இருசு’, ‘வணரி’ இரண்டும் நன்று. ‘இருசு’ என்ற மாட்டுவண்டிக்காரர் சொல் ரயிலுக்கும் வரட்டும். ‘கால்திருப்பம்’தான் இடறுகிறது. கால் என்றால் நாலில் ஒன்று, பாதம், சக்கரம் மூன்றும். குறள் 496இல் ‘கால்வல் நெடுந்தேர்’ என்பதில் கால் சக்கரமே. சக்கர வேலையைச் சொல்லும் இடத்தில் படிப்பவர் ‘சக்கரத்தைத் திருப்புதல்’ என்றே கொள்வார்.

அதைவிடப் பெரிய தடை, கால் வட்டம் எல்லா இஞ்சினுக்கும் பொருந்தாது என்பது. ‘ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன்’ போன்ற, பிரிட்டிஷ் பொறியாளர் கிரெஸ்லியின் மூன்று சிலிண்டர் இஞ்சின்களில் வெளி வணரிகளுக்கு இடையே 120 பாகை. மாதிரியில் சதுர முனை இருசு வாங்கினால் 90 தவிர வேறு கோணம் அமையாது. உருண்டை முனை இருசில் சக்கரத்தை அழுத்தி ஏற்றினால்தான் 120 வைக்க முடியும்.

மறுமொழி:

ஐயா சொல்வதில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. மாதிரி ஓடுவதற்கு 90 என்ற எண்ணே முக்கியமில்லை. மூன்று இருசுகளிலும் 88 இருந்தாலும் வழுவழுவென்று ஓடும். ஒன்றில் 90, அடுத்ததில் 88 என்றால், சக்கரங்களை ஒன்றோடொன்று பூட்டும் இணைப்புத் தண்டு இறுகும். 26 அங்குல பிஸ்டன் வீச்சுள்ள இஞ்சினுக்கு இந்த அளவில் வணரி நீளம் (வீச்சில் பாதி) 4.33 மி.மீ.; 1 பாகை பிசகினால் தண்டு மாட்டும் வணரி ஊசி 0.075 மி.மீ. தள்ளிப்போகும். தண்டின் துளையில் விடும் தளர்வே கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆகவே பெயர் கோணத்தைச் சொல்லக் கூடாது, ஒப்பைச் சொல்ல வேண்டும். ‘வணரியொப்பு’ என்கிறேன். வினை: வணரி ஒப்பாக்குதல்.

குறிப்பில் இதையும் சேர்க்க வேண்டும். தாள் இல்லாதவருக்கு இதுவே உயிர். கையால் உருட்டும்போது எங்கே இறுகுகிறது என்று பாருங்கள். ஒரு பக்கத்து வணரி தண்டோடு நேர்கோட்டில் படுத்திருக்கும்போது, முன்னும் பின்னுமாகச் சுற்றுக்கு இருமுறை இறுகினால் குற்றம் வணரியொப்பில் இல்லை. அந்தப் பக்கத்துத் தண்டின் துளையிடைத் தூரமும் இருசிடைத் தூரமும் ஒத்துவரவில்லை. இரு பக்க வணரிகளும் ஏறத்தாழ 45 பாகை சாய்ந்திருக்கும்போது இறுகினால்தான் வணரியொப்புப் பிழை. இது தெரியாமல் எல்லாத் துளைகளையும் அரத்தால் பெரிதாக்கிவிடுவார்கள். பிடிப்பு போகும், கூடவே தண்டு ஆடத் தொடங்கும். பிறகு எது பிழை என்று கண்டுபிடிக்கவே முடியாது.

அதனால் சக்கரம் ஏற்றுமுன் அளக்க வேண்டும். இருசுகளை மட்டும் செருகி, வெளி விளிம்புக்கு வெளி விளிம்பு வெர்னியரில் அளந்து, இருசு விட்டமான 3.18 மி.மீ.ஐக் கழித்தால் இருசிடைத் தூரம். வலமும் இடமும் தனித்தனியே. முன்பு கட்டியவர் சட்டகத்தைக் கோணலாகப் பற்றவைத்திருந்தால் இங்கேயே தெரிந்துவிடும். அப்போது தண்டைத் தொடாமல் சட்டகத்தைப் பிரித்துப் பற்றவைப்பதே சரி.

பிறகு பல்சக்கரம் உள்ள இருசை அளவுகோலாக வைத்து, மற்றவற்றை ஒவ்வொன்றாக அதனோடு ஒப்பாக்க வேண்டும். மூன்றையும் சேர்த்துப் பூட்டித் தேடினால் கிடைக்காது. பிளாஸ்டிக் மையமுள்ள சக்கரத்தை அடிக்கடி கழற்றினால் துளை தளரும். இருசிலேயே சிறிது சிறிதாகத் திருகிச் சரிசெய்வது நல்லது. சக்கரங்களின் உட்பக்க இடைவெளி, 16.5 மி.மீ. பாதைக்கு ஏறத்தாழ 14.5, திருகும்போது மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி:

‘வணரியொப்பு’ ஏற்கிறேன், ‘கால்திருப்பம்’ திரும்பப் பெறுகிறேன். ஆனால் கோணத்துக்கும் ஒரு பெயர் வேண்டும், இல்லாவிட்டால் 120 பாகை இஞ்சினைப் பற்றி எழுத முடியாது. அதை ‘வணரியிடைக் கோணம்’ என்று வைப்போம்.

மறுமொழி:

சரி. எந்தப் பக்கத்து வணரி முன்னே செல்கிறது என்பதற்கு ‘முந்துபக்கம்’. பெரும்பாலான பிரிட்டிஷ் இஞ்சின்களில் வலம், அமெரிக்காவின் பென்சில்வேனியா ரயில்பாதையில் இடம். ஓட்டத்துக்கு இது தேவையில்லை. படத்தோடு ஒத்திருக்க வேண்டுபவருக்குத் தேவை. மூன்றையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.