அலெக்சா 750 கான்ஃபோகலில் தெரியவே மாட்டேன் என்கிறது

மூளைச்சீவல்:
எலி மூளையை 50 மைக்ரான் தடிமனில் சீவி நான்கு ஒளிரும் சாயம் போட்டு, லேசரால் வருடிப் படமெடுக்கும் கான்ஃபோகல் நுண்ணோக்கியில் பார்க்கிறேன். செல் கருவைக் காட்டும் டாப்பி, பிறகு அலெக்சா 488, 568, 750. கடைசியில் 647 போடாமல் 750 எடுத்ததற்குக் காரணம், எல்லாமே வயதான எலிகள். வயதான செல்களில் சேர்ந்து தானாகவே ஒளிரும் லிப்போஃபசின் எந்த நிறச் சேனலைத் திறந்தாலும் மினுக்குகிறது. அகச்சிவப்புப் பக்கம் போனால் பின்னணி இருட்டாகக் கிடைக்கும் என்று படித்தேன்.

முதல் மூன்றும் அருமையாக வருகின்றன. நான்காவது, ஐபீஸில் கும்மிருட்டு. 640 நேனோமீட்டர் லேசரை 40% ஏற்றி, கெயினைக் கடைசிவரை கொண்டுபோனாலும் பொரிப்பொரியாக இரைச்சல்தான். புது செக்கன்டரி (சாயம் ஒட்டிய ஆன்டிபாடி) வாங்கியும் அதேதான். 22 மாதம் வளர்த்த எலிகள், வீணாக்க மனம் வரவில்லை. சாயம் கெட்டுவிட்டதா?

ஸ்லைடுபெட்டி:
வெளிச்சத்தில் வைத்தீர்களா? இந்த வகைச் சாயங்கள் சீக்கிரம் வெளுத்துவிடும். இருட்டிலேயே வைத்து ஒருமுறை செய்து பாருங்கள்.

நுண்ணோக்கி அறை:
தம்பி, இன்னொரு செக்கன்டரிக்குக் காசு போடாதீர்கள். 14 வருடமாகப் பலர் பகிர்ந்துகொள்ளும் கான்ஃபோகலைப் பார்த்துக்கொள்கிறேன், இதே கேள்வியோடு வருபவர்கள் அதிகம். சாயம் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும்.

முதலில் ஐபீஸை மறந்துவிடுங்கள். அலெக்சா 750 ஒளிர்வது 775 நேனோமீட்டரில், அது மனிதக் கண்ணுக்குத் தெரியாது. அடுத்தது லேசர். அந்தச் சாயம் நன்றாக உறிஞ்சுவது 749-இல். 640-இல் உறிஞ்சுவது கொஞ்சம்தான், லேசரை ஏற்றினாலும் பெரிதாகப் பலன் இருக்காது. மூன்றாவது டிடெக்டர். கான்ஃபோகலில் ஒளியைப் பிடிக்கும் காஸ்ப் (GaAsP) டிடெக்டர் பச்சையில் அபாரமாக வேலை செய்யும், 700-ஐத் தாண்டினால் செங்குத்தாக விழும். கொஞ்சநஞ்சம் வரும் ஒளியும் அங்கே தொலைகிறது. கெயின் கூட்டினால் இரைச்சல்தான் பெருகும்.

சோதிப்பது சுலபம். மிச்சமிருக்கும் செக்கன்டரியில் ஒரு சொட்டை ஸ்லைடில் விட்டு, கவர்சிலிப் மூடி, அதே செட்டிங்கில் ஸ்கேன் செய்யுங்கள். சொட்டே தெரியவில்லை என்றால் உங்கள் கருவிக்கு அந்த நிறம் தெரியாது என்று அர்த்தம். பிறகு அதே மூளைச்சீவலை 730 பக்கம் எல்இடியும் அகச்சிவப்புச் சாயங்களுக்கான சைசெவன் (Cy7) ஃபில்டரும் கருப்பு வெள்ளை கேமராவும் உள்ள சாதாரண ஃபுளோரசன்ஸ் மைக்ராஸ்கோப்பில் வையுங்கள். சிலிக்கான் சென்சாருக்கு 775 நன்றாகவே தெரியும். படம் மங்கலாக இருந்தாலும் ஸ்டெயின் பிடித்ததா இல்லையா என்று தெரிந்துவிடும்.

லிப்போஃபசினை மறைக்க சூடான் பிளாக் என்ற கருஞ்சாயம் போடச் சொல்வார்கள். பச்சையில் உதவும், ஆனால் தொலைசிவப்பில் அதுவே பின்னணியைக் கூட்டும். உங்கள் நான்காவது நிறத்துக்கு ஆகாது.

மூளைச்சீவல்:
அக்கா, சொட்டு கான்ஃபோகலில் தெரியவே இல்லை. பக்கத்து லேப் கேமராவில் வைத்ததும் செல் செல்லாகத் தெரிந்தது! கோர்டெக்ஸ் அடுக்கே பிரிந்து தெரிகிறது. இப்போது 730 லேசர் உள்ள கருவி தேடவா, இல்லை 647-க்கு மாறவா?

நுண்ணோக்கி அறை:
மாறுங்கள். 640 லேசர் 647-க்கு நேராக உட்காரும், 668-இல் ஒளிரும், டிடெக்டருக்கும் எட்டும். 488-ஐ விட அங்கே லிப்போஃபசின் தொல்லை வெகுவாகக் குறையும். குறைவாக இருக்கும் புரதத்தை அதில் வையுங்கள், ஏராளமாக இருப்பதை 488-க்குத் தள்ளுங்கள். சாயம் போடாத ஒரு சீவலையும் அதே செட்டிங்கில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், எது லிப்போஃபசின் என்று அதுதான் காட்டும்.

ஐந்தாவது நிறம் கட்டாயம் வேண்டுமென்றால் 750 தேடிப் போகலாம். ஸ்டெல்லாரிஸ் 8 என்ற கான்ஃபோகலில் வெள்ளை லேசர் 790 வரை போகும். ஆனால் 1.4 என்ஏ (ஒளி சேகரிக்கும் திறன்) உள்ள உயர்ரக லென்ஸிலேயே 775-இல் பிரித்துக்காட்டும் தூரம் சுமார் 340 நேனோமீட்டர், பச்சையில் 230 போல. நரம்பு செல்கள் சந்திக்கும் சினாப்ஸை அதில் எண்ணாதீர்கள். டாப்பியோடு சேர்த்துப் பார்க்கும்போது ஃபோகஸ் விலகுகிறதா என்றும் ஒருமுறை சரிபாருங்கள்.

மூளைச்சீவல்:
செல் உடலை எண்ணினால் எனக்குப் போதும் அக்கா. 647 லேபில் இருக்கிறது. திங்கட்கிழமை மிச்சமுள்ள ஆறு சீவலில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துச் செய்து பார்க்கிறேன்.