பொருள்: ஆர்.ஓ. (குடிநீர் சுத்திகரிப்பு) வசூல், ஆளுக்குப் பத்தாயிரம்

ஷார்ஜாவிலிருந்து பொருளாளர்:

நம்ம ஊர்ச் சங்கத்து உறவுகளுக்கு வணக்கம். பொங்கலுக்கு ராணிப்பேட்டை போய் இறங்கி, நேராக நம்ம ஊருக்குப் போனேன். அக்கா வீட்டு போர்த் தண்ணீரை எவர்சில்வர் குடத்தில் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. வெள்ளை பக்கெட்டில் பிடித்தால் மஞ்சள். சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம், மூடிக் கிடக்கும் குரோமிய ஆலையின் கழிவை மலை மாதிரி குவித்து வைத்திருக்கிறார்களே, அது ஒவ்வொரு மழைக்கும் கரைந்து கீழே இறங்குகிறது. "காய்ச்சித்தான் குடிக்கிறோம்" என்கிறாள் அக்கா. காய்ச்சினால் குரோமியம் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கெட்டியாகும் என்றேன். "அப்ப நீ தினமும் கேன் வாங்கிக் கொடு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கோயிலுக்குப் பின்னால் ஆர்.ஓ. பிளான்ட் போட ஆறு லட்சம் ஆகும். ஆளுக்குப் பத்தாயிரம். மாசக் கடைசிக்குள் அனுப்பிவிடுங்கள்.

மஸ்கட்டிலிருந்து:

தம்பி, கும்பாபிஷேக வசூலில் மிச்சம் 1,43,500 ரூபாய். நகல் என்னிடம் இருக்கிறது. முதலில் அது எங்கே என்று சொல், அப்புறம் பத்தாயிரம் கேள்.

இன்னொரு கணக்கும் கேட்கிறேன். ஆர்.ஓ. நூறு லிட்டர் நல்ல தண்ணீர் கொடுத்தால், கிட்டத்தட்ட அதே அளவு கழிவுத் தண்ணீரை வெளியே தள்ளும். வடிகட்டிய குரோமியம் பூராவும் அதில்தான் இருக்கும். எங்கே விடுவாய்? ஏரி வாய்க்காலிலா? ஆலையை மூடியது 1995-ல். அங்கே கிடப்பது சுமார் 2.27 லட்சம் டன். லாரிக்குப் பத்து டன் என்றாலும் 22,700 லாரி. இதற்கு நாம் எத்தனை ஃபில்டர் மாற்றுவது?

மாசு பண்ணியவனே செலவையும் கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் சொன்னது நம்ம வேலூர்த் தோல் தொழிற்சாலை வழக்கில்தான். ஊரில் அதைப் பேச ஆளில்லை, வசூலுக்கு மட்டும் ஆள் இருக்கிறது.

சிங்கப்பூரிலிருந்து மணியக்காரர் வீட்டு மாமா:

எல்லாரும் கொஞ்சம் அடக்கி வாசியுங்கள். உலகத்தில் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்கள் என்று ஒரு அமெரிக்க அமைப்பு 2006-ல் பட்டியல் போட்டது. செர்னோபிலோடு ராணிப்பேட்டையும் அதில் இருந்தது. அந்த வருஷம் என் பெரிய பெண்ணுக்கு வந்த சம்பந்தம், "உங்க ஊர்த் தண்ணி எப்படி?" என்ற ஒரே கேள்வியோடு போய்விட்டது. பாலாற்று மணலில் முழங்கை ஆழம் ஊற்று தோண்டி, துண்டில் வடிகட்டிக் குடித்து வளர்ந்தவர்கள் நாம். சங்கத்துப் பேரில் பேப்பருக்குப் போகாதீர்கள். பணம் வேண்டுமானால் ஐம்பதாயிரம் தருகிறேன், கல்வெட்டில் அப்பா பேர் போடுங்கள்.

நியூ ஜெர்சியிலிருந்து கடைசித் தெரு அத்தை:

மாமா, கல்வெட்டில் உங்கள் அப்பா பேர் போடும்போது, ஆலைக் கழிவைச் சும்மா கிடைக்கிறதென்று லாரி லாரியாக அடித்துக் களத்து மேட்டை நிரவியது யார் என்பதையும் போடச் சொல்லுங்கள். மழை நின்றதும் அங்கே மஞ்சளாகப் பூக்குமே, நாங்கள் அதைக் காலால் தேய்த்து விளையாடியிருக்கிறோம்.

எங்கள் நைனா அந்த ஆலையில் பதினோரு வருஷம் வேலை பார்த்தார். மூக்குக்கு நடுவில் ஓட்டை விழுந்துவிட்டது. வலது பக்கம் நூலை விட்டு இடது பக்கம் இழுத்துக் காட்டுவார். வித்தை என்று கை தட்டுவோம். அம்மா மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவாள். நைனா காரியத்துக்கு இந்தக் குழுவிலிருந்து வந்தவர்கள் மூன்று பேர்.

ஜுபைலிலிருந்து:

அத்தை, நான் வந்திருந்தேன். ஞாபகம் இருக்கட்டும்.

கழிவுநீர் நிலையத்தில்தான் எனக்கு வேலை, அதனால் சொல்கிறேன். மஞ்சளாகக் கரைந்து ஓடுவது குரோமியம்-6 என்கிற விஷ வகை. அன்னபேதி என்கிற இரும்பு உப்பைக் கலந்தால் அது விஷம் குறைந்த குரோமியம்-3 ஆகி, பெரும்பாலும் மண்ணோடு படிந்துவிடும். நம்ம நாட்டு மருந்துக் கடை அன்னபேதியேதான். ஆனால் மேலாகத் தூவினால் பத்தாது. மேட்டைப் பெயர்த்துக் கலந்து, அடியில் விரிப்புப் போட்ட குழியில் மூட வேண்டும், கீழே இறங்கிய தண்ணீரையும் இறைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். அது அரசாங்கத்து வேலை. அதுவரை ஜனங்கள் என்ன குடிப்பார்கள்? நான் பத்தாயிரம் போடுகிறேன். கழிவுத் தண்ணீருக்குத் தொட்டி கட்டாமல் மெஷினை இறக்கக் கூடாது.

ஷார்ஜாவிலிருந்து பொருளாளர்:

தொட்டிக்கும் சேர்த்து எஸ்டிமேட் கேட்டிருக்கிறேன். மஸ்கட் அண்ணனுக்கு: அந்த மிச்சத்தில் தொண்ணூறாயிரம் தேர் வடத்துக்குப் போனது, ரசீது இருக்கிறது. மீதிக்கு ரசீது இல்லை. யாரிடம் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும், என்னைச் சொல்ல வைக்காதீர்கள்.