சாய்க்கோவ்ஸ்கியின் தந்தி செரினேட்: யாருடைய ஒலிப்பதிவைக் கேட்கிறீர்கள்?

கேசட்பெட்டி:

வணக்கம். ரஷ்ய இசையமைப்பாளர் சாய்க்கோவ்ஸ்கி தந்தி வாத்தியங்களுக்கென்றே 1880இல் எழுதிய செரினேடை நாற்பது ஆண்டுகளாக ஒரே ஒலிப்பதிவில்தான் கேட்டுவந்திருக்கிறேன். பெர்லின் பில்ஹார்மோனிக் இசைக்குழுவை வைத்து நடத்துனர் கராயான் 1966இல் செய்த பதிவு. மாமா இசைத்தட்டிலிருந்து கேசட்டில் ஏற்றிக் கொடுத்தார். அந்தப் பக்கத்தின் முன்பாதியில் ஏற்கெனவே நாதஸ்வரக் கச்சேரி ஒன்று இருந்தது. அதை அழிக்க அவருக்கு மனம் வரவில்லை. ஆகவே தோடி முடிந்த கையோடு செரினேட் தொடங்கும், இரண்டாம் பகுதியான வால்ட்ஸ் என்ற நடன மெட்டு முடிந்ததும் நாடா தீர்ந்துவிடும். எழுந்து போய்த் திருப்பிப் போட்டால்தான் மூன்றாம் பகுதியான எலிஜி என்ற சோக கீதம். இன்றைக்கும் வால்ட்ஸ் முடிந்தால் என் கால் தானாக எழுந்திருக்கப் பார்க்கிறது.

சென்ற மாதம் டெக் அந்த நாடாவை மென்றுவிட்டது. துக்கம் விசாரிக்க வந்தவளைப் போல மகள் பக்கத்தில் உட்கார்ந்து, கைப்பேசியில் மாரினர் தன் சிறிய இசைக்குழுவோடு செய்த 1968 பதிவைப் போட்டுக் கொடுத்தாள். திடுக்கிட்டுப் போனேன். முதல் ஸ்வரமே ஒல்லியாக இருந்தது. மேளதாளத்தோடு வர வேண்டிய மாப்பிள்ளை சைக்கிளில் வந்து இறங்கியது போல.

பழக்கம்தான் என்னை ஏமாற்றுகிறதா? உங்களுக்குப் பிடித்தது எது, எந்த இடத்துக்காக? "எல்லாமே நன்றாகத்தான் இருக்கும்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இரண்டாம் வயலின்:

ஐயா, பழக்கம் மட்டும் இல்லை. எழுதியவரே உங்கள் பக்கம்தான். தந்திக் கலைஞர்கள் எத்தனை பேர் கூடுகிறார்களோ அத்தனைக்கும் தன் விருப்பம் நிறைவேறும் என்று இசைத்தாளிலேயே குறித்து வைத்திருக்கிறார். பீரங்கி வெடிக்கும் 1812 முன்னிசையும் இதே மாதங்களில் எழுதப்பட்டதுதான். அதில் சத்தம் உண்டு, பெரிதாக அன்பு இல்லை, செரினேடோ உள்ளத்திலிருந்து வந்தது என்று தன் புரவலரான நதேஷ்தா ஃபான் மெக்குக்குக் கடிதம் எழுதினார்.

ஆனாலும் என் ஓட்டு மாரினருக்குத்தான். காரணம் தன்னலம். எங்கள் குழுவில் இருபது பேர்கூட இல்லை. நான் இரண்டாம் வயலின். முதல் பகுதியில் மெதுவான முன்னுரை முடிந்து வேகம் பிடித்த பிறகு, வில்லைத் தொட்டுத் தொட்டு எடுத்துக்கொண்டு ஓடும் பொடி ஸ்வரங்கள் வருமே, அதைக் கவனியுங்கள். பெர்லினில் அது பட்டுப்புடவையின் சரசரப்பு. மாரினரிடம் ஒவ்வொருவரின் வில் நுனியும் தனித்தனியாகக் கேட்கிறது. அவரே வயலின்காரர். தொடக்க காலத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தபடியேதான் அந்தக் குழுவை நடத்தினார். மேடையில் நின்று கையசைப்பவருக்குக் கேட்காதது எங்கள் வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்கும்.

இன்னும் இரண்டு தடவை கேட்டுவிட்டு வந்து திட்டுங்கள்.

ஆரோகணம்:

எலிஜியைப் பற்றி யாரும் பேசவில்லையே! எனக்குப் பிடித்தது நடத்துனர் பார்பிரோலி, லண்டன் சிம்பொனி இசைக்குழு, 1960களின் பதிவு.

கர்நாடக சங்கீதம் படித்த காதோடு கேட்டால் இந்தப் படைப்பே ஒரு சங்கராபரண விளையாட்டுதான். தொடக்கத்தில் மெட்டு கம்பீரமாகப் படியிறங்குகிறது. வால்ட்ஸ் அதே படிகளில் ஏறுகிறது, எலிஜியும் ஏறுகிறது. ஒன்று துள்ளி ஏறும், மற்றொன்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று ஏறும். பார்பிரோலி ஒவ்வொரு படியிலும் மூச்சு வாங்கவிடுகிறார். அவர் செல்லோக்காரராக இருந்து வந்தவர். அவருடைய செல்லோக்கள் பாடுவதைக் கேட்டால் புரியும். கடைசியில் எல்லோரும் ஒலியை அடக்கும் மியூட்டைத் தந்திகள்மேல் போட்டுக்கொண்டு ஒலி சுருங்கும் இடத்தில் நான் மின்விசிறியை நிறுத்திவிடுவேன்.

நடன அமைப்பாளர் பாலன்சின் இதற்கு பாலே அமைத்தபோது எலிஜியைக் கொண்டுபோய்க் கடைசியில் வைத்துவிட்டார். மேடைக்கு அது சரியாக இருக்கலாம். என் காதுக்குச் சரிப்படவில்லை. ரஷ்ய நாட்டுப்புற மெட்டோடு ஓடும் இறுதிப் பகுதியில், முடியும் தறுவாயில் அந்தத் தொடக்க மெட்டு திரும்பி வருகிறதே! இரண்டும் ஒரே படியிறக்கம்தான் என்பது அப்போதல்லவா தெரிகிறது?

மலைப்பாதை:

யாருமே ஜப்பானிய நடத்துனர் ஓசாவாவைச் சொல்லாததால் எழுதுகிறேன். சைட்டோ கினென் இசைக்குழு, 1990களின் பதிவு. சைட்டோ ஹிடெயோ என்ற ஆசிரியரின் நினைவாக அவருடைய மாணவர்கள் 1984இல் கூடி உருவாக்கிய குழு அது. ஒரே ஆசிரியரிடம் வில் பிடிக்கக் கற்றவர்கள் என்பது முதல் ஒலியிலேயே தெரியும். அத்தனை பேரும் ஒரே கையால் வாசிப்பது போல இருக்கும். கராயானின் கனமும் உண்டு, மாரினரின் தெளிவும் உண்டு.

2010இல் உணவுக்குழாய்ப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பிறகு ஜப்பானின் மட்சுமோட்டோ இசைவிழா மேடைக்குத் திரும்பிய ஓசாவா நடத்தியது இந்தச் செரினேடின் முதல் பகுதியை மட்டும்தான். அதற்கு மேல் உடல் இடம் கொடுக்கவில்லை. நான் அதை மற்றவற்றோடு ஒப்பிட மாட்டேன்.

கேசட்பெட்டி:

மூன்று இரவுகள் ஆயின. வீட்டில் எல்லோரும் தனித்தனி அறைக்குப் போய்விட்டார்கள்.

இரண்டாம் வயலின் அவர்களே, மாரினரை மூன்றாம் முறை கேட்டபோது வால்ட்ஸில் மெட்டுக்கு அடியில் நடப்பதெல்லாம் கேட்டது. நாற்பது ஆண்டுகளாகக் கராயான் அதை என்னிடமிருந்து மறைத்து வைத்திருந்திருக்கிறார். ஆனால் தொடக்கம் இன்னும் ஒல்லிதான். அதில் மாற மாட்டேன். ஆரோகணம், பார்பிரோலியின் எலிஜி எனக்குச் சற்று அதிகம். படிக்குப் படி நின்றால் மேலே போய்ச் சேருவது எப்போது? மியூட் இடத்துக்கு மட்டும் தலைவணங்குகிறேன். ஓசாவாவின் முதல் ஒலியைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். மாப்பிள்ளை மேளதாளத்தோடு வந்துவிட்டார்.

இருந்தாலும் எந்தப் பதிவிலும் தோடி முன்னால் வரவில்லை. மென்ற நாடாவை வெட்டி ஒட்டத் தெரிந்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள். வால்ட்ஸில் பத்துப் பன்னிரண்டு வினாடி போனாலும் பரவாயில்லை.