புதுப்பிப்பு: டி24 செல்கள் ஈஜிஎஃப்-க்கு ஏன் அசையவில்லை?

ஈஜிஎஃப் எனும் வளர்ச்சிக் காரணியைச் சேர்த்தும் டி24 சிறுநீர்ப்பைப் புற்றுநோய்ச் செல்களின் பெருக்கத்தில் வேறுபாடு தெரியவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். பிழையின் ஒரு பகுதி என்னுடையது: செல்களை வளர்க்கும் ஊடகத்தில் 10 சதவீதச் சீரம் (இரத்தத்திலிருந்து பிரித்த திரவம்) இருந்ததால், அதிலிருந்த வளர்ச்சிக் காரணிகளே செல்களை ஏற்கெனவே தூண்டிக்கொண்டிருந்தன. சீரமின்றி 24 மணி நேரம் வைத்திருந்து ஈஜிஎஃப் சேர்த்தபோது, அது பற்றும் செல்பரப்பு ஏற்பியில் பாஸ்பேட் ஏறியது (ஏற்பி தூண்டப்பட்டதன் அடையாளம்) சில நிமிடங்களிலேயே தெளிவாகத் தெரிந்தது. பெருக்கமோ சிறிதளவே கூடியது. இதில் வியப்பில்லை. டி24 செல்களில், ஏற்பியின் சமிக்ஞையை உள்ளே கடத்தும் எச்-ராஸ் புரதத்தின் 12ஆம் இடத்தில் கிளைசின் எனும் அமினோ அமிலத்துக்குப் பதில் வாலின் அமைந்திருப்பதால் (1982இலேயே கண்டறியப்பட்ட மாற்றம்; நான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும்), ஏற்பிக்குக் கீழுள்ள சமிக்ஞை வெளித்தூண்டலைப் பெரிதும் சாராமலே ஓடுகிறது. அடுத்து, எஃப்ஜிஎஃப்ஆர்3 எனும் வேறொரு வளர்ச்சிக் காரணி ஏற்பியின் மரபணு இன்னொரு மரபணுவோடு இணைந்துள்ள ஆர்டி112 சிறுநீர்ப்பைப் புற்றுநோய்ச் செல்களில் இதே சோதனையைச் செய்யவிருக்கிறேன்.