அம்மாவுக்கு ஸ்டேர்லிஃப்டும் ஷவரும்: கவுன்சில் ‘காத்திருங்கள்’ என்றே சொல்கிறது. டி.எஃப்.ஜி. (ஊனமுற்றவருக்காக வீட்டை மாற்றக் கவுன்சில் தரும் மானியம்) பற்றித் தெரிந்தவர்கள் உதவுங்கோ

கிழக்குமூலை:

வணக்கம். இங்கிலாந்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு 71 வயது, பக்கவாதம் வந்ததில் இடப்பக்கக் கையும் காலும் பலமில்லை. அப்பாவும் எங்களோடுதான் இருக்கிறார். வீடு என் பெயரில். மூன்று அறை டெரஸ் வீடு, டொய்லெட்டும் குளியலறையும் மேல்மாடியில் மட்டும்.

கவுன்சில் ஓ.டி. (அன்றாடத் தேவைகளை மதிப்பிடும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) வந்து பார்த்து ஏழு மாதம். ஸ்டேர்லிஃப்ட் வேண்டும், பாத்டப்பை எடுத்துவிட்டுத் தரைமட்ட ஷவர் போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டா. அதுக்குப் பிறகு ‘பட்டியலில் இருக்கிறீர்கள்’ என்ற ஒரே பதில்தான். போன கிழமை கதைத்தவர் இந்த வருஷத்துக் காசு முடிந்துவிட்டது என்றார். இப்போது என்னுடையதும் மனைவியுடையதும் பே ஸ்லிப் கேட்டிருக்கிறார்கள்.

காசு இல்லை என்று மறுக்க அவர்களுக்கு உரிமை உண்டா? எங்கள் சம்பளத்தைப் பார்ப்பார்களா? ஷவர் வேலையில் என்ன கவனிக்க வேண்டும்?

ஆலடி:

தம்பி, நீங்கள் இன்னும் விண்ணப்பமே போடவில்லை. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

ஓ.டி. எழுதினது பரிந்துரை. விண்ணப்பம் வேறு. இந்த மானியத்துக்கான 1996ஆம் ஆண்டு வீட்டு மானியச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, முடிவு சொல்லக் கவுன்சிலுக்குக் கூடியது ஆறு மாதம் தருகிறது. ஆனால் அந்த ஆறு மாதத்தை எண்ணத் தொடங்குவது முழுமையான விண்ணப்பம் அவர்கள் கைக்குப் போன நாளில் இருந்து. ஃபோமே தராமல் ‘பட்டியலில்’ வைத்திருந்தால் நாள் எண்ணவே தொடங்காது. ஏழு மாதம் காத்திருந்தும் சட்டப்படி ஒரு நாள்கூடக் கழியவில்லை என்பதை வடிவாக விளங்கிக்கொள்ளுங்கோ.

இனி ஃபோன் வேண்டாம், ஈமெயில் போடுங்கோ. மூன்று விஷயம் அதில் வரவேண்டும்: ஓ.டி. பார்த்த திகதியும் பரிந்துரையும், டி.எஃப்.ஜி.க்கு முறையாக விண்ணப்பிக்க விரும்புகிறேன், ஃபோமை அனுப்புங்கள் என்ற வரி. ஃபோம் தர மாட்டீர்கள் என்றால் எந்தச் சட்டப் பிரிவின் கீழ் என்று எழுத்தில் தாருங்கள் என்ற வரி. அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதேங்கோ.

விண்ணப்பம் ‘முழுமை’ ஆக ஃபோமோடு என்ன வேண்டும்? இரண்டு வெவ்வேறு கொந்தராத்துக்காரரிடம் எடுத்த கொட்டேஷன் (ஒன்று போதும் என்று கவுன்சில் சொன்னால் ஒன்று), அம்மா அப்பாவின் வருமான ஆதாரம், உரிமையாளர் சான்று. வீடு உங்கள் பெயரில் இருப்பதால் விண்ணப்பதாரர் நீங்கள்தான். அம்மா ஐந்து வருஷம், அல்லது உடல்நிலை இடம்கொடுக்கும்வரை, அந்த வீட்டில் இருப்பா என்று சான்றில் நீங்கள் கையெழுத்து வைக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் ‘முழுமை இல்லை’ என்று திருப்பி அனுப்புவார்கள், நாட்களும் எண்ணப்படாது. அனுப்பிய ஈமெயிலைப் பத்திரமாக வைத்திருங்கோ, கிடைத்த திகதியை எழுத்தில் உறுதிப்படுத்தச் சொல்லிக் கேளுங்கோ.

காசு முடிந்துவிட்டது என்ற கதைக்கு வருகிறேன். டி.எஃப்.ஜி. கட்டாய மானியம். தகுதி இருந்தால் கொடுத்தே ஆகவேண்டும். கவுன்சிலிடம் பணம் இருக்கா இல்லையா என்பதை வைத்து முடிவெடுக்க முடியாது என்று 1998இல் பர்மிங்காம் கவுன்சில் சம்பந்தப்பட்ட வழக்கில் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அனுமதித்துவிட்டுப் பணம் கொடுக்கும் நாளைத் தள்ளிப்போட அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அதுவும் விண்ணப்பத் திகதியில் இருந்து 12 மாதத்துக்கு மேல் தள்ள ஏலாது.

மறுத்தால் எந்தக் கேள்வியில் மறுத்தார்கள் என்று கேளுங்கோ. வேலை அம்மாவின் தேவைக்கு அவசியமானதா, பொருத்தமானதா என்பது ஒரு கேள்வி, அதுக்கு ஓ.டி. சொல்வதுதான் அடிப்படை. அந்த வீட்டில், அதன் வயதையும் நிலையையும் பார்த்து, அந்த வேலை செய்யக்கூடியதா என்பது மற்றது. அதைக் கிராண்ட் பகுதி பார்க்கும். இரண்டையும் குழப்பி ஒரு வரியில் மறுப்பு எழுதினால் அந்தக் கடிதம் முறைப்பாட்டில் நிக்காது.

2022 மார்ச்சில் அரசாங்கம் கவுன்சில்களுக்குக் கொடுத்த வழிகாட்டியில் கால இலக்குகள் இருக்கு. அவசரமான எளிய வேலைக்கு 55 வேலைநாள். அவசரமில்லாத எளிய வேலைக்கும் அவசரமான சிக்கல் வேலைக்கும் 130. அவசரமில்லாத சிக்கல் வேலைக்கு 180. சட்டம் அல்ல, ஆனாலும் முறைப்பாட்டில் அதை எழுதினால் வேறு மாதிரிப் பதில் வரும். முதலில் கவுன்சிலின் சொந்த முறைப்பாட்டு வழியை முடியுங்கோ, பிறகு உள்ளாட்சி, சமூகப் பராமரிப்பு ஒம்புட்ஸ்மன் (கவுன்சில்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிப்பவர்). அங்கே பிரச்சினை தெரிந்து 12 மாதத்துக்குள் போகவேண்டும்.

மணல்வீடு:

பே ஸ்லிப்பைக் குடுக்காதேங்கோ!

வருமானச் சோதனை ஊனமுற்றவருக்கும் அவரின் துணைக்கும் மட்டும்தான். உங்கள் வீட்டில் அம்மாவும் அப்பாவும். அதே கூரையின் கீழ் இருக்கும் மகன், மருமகள் சம்பளம் கணக்கில் வராது. வீடு உங்கள் பெயரில் இருந்தாலும் அப்படித்தான். பெரும்பாலும் புதிதாக வந்த ஆள் ‘விண்ணப்பதாரர்’ என்ற பெட்டியைப் பார்த்துக் கேட்டுவிடுவார். ‘சோதனைக்குரியவர் அம்மா’ என்று ஒரு வரி எழுதினால் சரியாகும்.

அம்மா அப்பாவின் சேமிப்பில் முதல் 6,000 பவுண்டை விட்டுவிடுவார்கள். அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் (பராமரிப்புத் தேவைப்படும் முதியவருக்கு அரசு தரும் உதவித்தொகை) வருமானமாக எண்ணப்படாது. அம்மா அதை இன்னும் எடுக்கவில்லை என்றால் உடனே போடுங்கோ, அதுக்கு வருமானச் சோதனை இல்லை. அதோடு பென்ஷன் கிரெடிட்டையும் (வருமானம் குறைந்த ஓய்வூதியருக்கான உதவித்தொகை) பாருங்கோ. அதில் ஒரு பகுதியான காரண்டி கிரெடிட் ஒரு பவுண்ட் கிடைத்தாலும் டி.எஃப்.ஜி.யில் நீங்கள் கட்டவேண்டிய பங்கு பூச்சியம். சேமிப்பு இருக்கு, கிடைக்காது என்று நினைத்துப் பலர் போடுவதே இல்லை. பென்ஷன் கிரெடிட்டில் 10,000 பவுண்ட் வரை தொட மாட்டார்கள். அதுக்கு மேல் ஒவ்வொரு 500 பவுண்டுக்கும் கிழமைக்கு ஒரு பவுண்ட் வருமானம் என்று எடுப்பார்கள். 14,000 இருந்தால் கிழமைக்கு 8 பவுண்ட், அவ்வளவுதான்.

மானியத்தின் உச்சவரம்பு இங்கிலாந்தில் 30,000 பவுண்ட், வேல்ஸில் 36,000. உங்கள் வேலை அதுக்குள் அடங்கும். அடங்காவிட்டாலும் 2002ஆம் ஆண்டு ஆணையின் கீழ் ஒவ்வொரு கவுன்சிலும் ஒரு வீட்டு உதவிக் கொள்கை வைத்திருக்கலாம். சில இடங்களில் மேலதிகப் பணம் தருவார்கள், சில இடங்களில் ஸ்டேர்லிஃப்டுக்குச் சோதனையே வைக்க மாட்டார்கள். உங்கள் கவுன்சிலின் கொள்கையைத் தேடி வாசியுங்கோ.

சோதனையில் உங்கள் பங்கு வேலைச் செலவை விடக் கூட வந்தாலும் விண்ணப்பத்தை விடாதேங்கோ. பூச்சிய மானியமாக அனுமதி எடுத்து, அவர்கள் சொன்ன தரத்தில் வேலையை முடித்தால், அடுத்த பத்து வருஷத்துக்குள் இன்னொரு மாற்றம் தேவைப்படும்போது இந்தப் பங்கைக் கழிப்பார்கள். பக்கவாதம் வந்தவருக்கு அடுத்த தேவை வராது என்று சொல்ல ஏலாதே.

ஒன்று தெரிந்துகொண்டு கையெழுத்து வையுங்கோ: மானியம் 5,000 பவுண்டைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு, 10,000 வரை, கவுன்சில் வீட்டின்மேல் கடன்பொறுப்பு பதிந்து வைக்கலாம். பத்து வருஷத்துக்குள் விற்றால் திருப்பிக் கேட்கலாம்.

சாந்துக்கரண்டி:

வேலைப் பக்கம் நான் சொல்றேன்.

ஸ்டேர்லிஃப்ட்: இடது கை பலமில்லைன்னா இயக்கும் விசை வலது கைப்பிடியில இருக்கணும். சப்ளையர் கேட்க மாட்டார், நீங்க கொட்டேஷன்லயே எழுதச் சொல்லுங்க. மேல் படியில இருக்கை திரும்புற பக்கம் தரை இருக்கணும், படி இருக்கக் கூடாது. டெரஸ் வீட்டுல கீழ்ப்படி பக்கத்துலேயே கதவு இருக்கும், தண்டவாளம் அதை மறைக்கும். மடக்குற தண்டவாளம் வேணுமான்னு அளவெடுக்க வரும்போதே காட்டுங்க. அம்மாவால இருக்கையில சாயாம நிமிர்ந்து உட்கார முடியலைன்னா ஸ்டேர்லிஃப்டே ஆபத்து. அதை ஓ.டி. கிட்ட இப்பவே சொல்லணும், மாட்டின பிறகு இல்ல.

ஷவர்தான் அதிகம் கெட்டுப்போற இடம். மேல்மாடித் தரை மரம். தண்ணி போற குழாய் 40 மி.மீ. என்றால் 3 மீட்டருக்கு மேல நீளக் கூடாது, மீட்டருக்குக் குறைஞ்சது 18 மி.மீ. சரிவு வேணும். அந்தச் சரிவு உத்திரங்களுக்கு நடுவுல கிடைக்குமா, குறுக்கே போகுதா? குறுக்கே போனா உத்திரத்தை வெட்டுவாங்க, வெட்டின உத்திரம் தொய்யும், தொய்ஞ்சா மேல ஒட்டின வினைல் தரை விரிசல் விடும், கீழ் அறைக் கூரையில கறை வரும். மலக்குழாய் எதிர்ப்பக்கம் இருந்தா வெட்டுறதை விடக் கழிவுநீர் பம்ப் வைக்கிறதே நல்லது. சத்தம் வரும், பரவாயில்லை. கொட்டேஷன்ல ‘வடிகால் இணைப்பு’ன்னு ஒரே வார்த்தை இருந்தா ஏத்துக்காதீங்க, எந்த வழியாப் போகுதுன்னு வரைஞ்சு தரச் சொல்லுங்க.

வழுக்காத வினைல் சுவர்ல 100 மி.மீ. ஏறி நிக்கணும், இணைப்புகள் சூடா ஒட்டி உருக்கியிருக்கணும். கைப்பிடி வரும் சுவர் பிளாஸ்டர்போர்டா? பின்னாடி 18 மி.மீ. பிளைவுட் பலகை வைக்காம ஸ்க்ரூ அடிச்சா ஒரு நாள் ஆளோட சேர்ந்து கையோட வந்துடும். பலமுள்ள வலது கை எட்டுற பக்கம் கைப்பிடி இருக்கணும், உட்கார்ந்த நிலையில அளவு எடுக்கணும். ஷவர் தண்ணி 41 டிகிரிக்கு மேல வராதபடி தெர்மோஸ்டாட் வால்வ்.

முடிஞ்சதும் கையெழுத்துக்கு முன்னாடி ஒரு வாளித் தண்ணியைக் கதவுப் பக்கம் ஊத்துங்க. வடிகாலைப் பார்த்து ஓடணும். வாசலைப் பார்த்து ஓடினா, இல்ல நடுவுல குளமா நின்னா, சரிசெய்யற வரைக்கும் பணத்தை நிறுத்தி வைக்கச் சொல்லிக் கவுன்சிலுக்கு எழுதுங்க. கான்ட்ராக்ட் உங்க பேர்லதான் இருக்கு, கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கிழக்குமூலை:

எல்லாருக்கும் பெரிய நன்றி. ஈமெயில் போட்டுவிட்டேன். அம்மா ஒவ்வொரு நாளும் படியில் உட்கார்ந்து பின்பக்கமாக அரக்கி அரக்கித்தான் இறங்குறா, பார்க்கப் பயமாக இருக்கு. ஸ்டேர்லிஃப்டை மட்டும் இப்பவே எங்கள் காசில் போட்டுவிட்டுப் பிறகு கேட்கலாமா?

ஆலடி:

வேண்டாம் தம்பி. அனுமதிக்கு முன் தொடங்கின வேலைக்குப் பொதுவாக மானியம் இல்லை, பின்னுக்குக் கேட்டு வாங்க ஏலாது.

நீங்கள் இப்போது எழுதியதை, அந்தப் படி விஷயத்தை, அப்படியே ஓ.டி.க்கு எழுதுங்கோ. எத்தனை படி, ஒரு நாளைக்கு எத்தனை தரம், ஆர் பிடிக்கிறது, இதுவரை எத்தனை தரம் சறுக்கினது என்று. விழும் ஆபத்து இருப்பதால் முன்னுரிமையை மறுபடி பார்க்கச் சொல்லுங்கோ. அதே கடிதத்தில் கீழ்மாடிக்கு ஒரு கொமோட், படிக்கு இரண்டாவது கைப்பிடி கேளுங்கோ. பராமரிப்புச் சட்டத்தின் கீழ் உபகரணங்களும் 1,000 பவுண்டுக்குள் வரும் சிறு மாற்றங்களும் இலவசம், வருமானச் சோதனை கிடையாது, டி.எஃப்.ஜி.க்குக் காத்திருக்கவும் தேவையில்லை. ஆனால் கொமோட் வந்ததும் ‘தேவை தீர்ந்தது’ என்று ஃபைலை மூடப் பார்ப்பார்கள். இது தற்காலிகம், விண்ணப்பம் தொடர்கிறது என்று அந்தக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கோ.

கொட்டேஷன் எடுக்கும்போது வாட் வரி பூச்சியமாக இருக்கா என்றும் பாருங்கோ. ஊனமுற்றவரின் வீட்டில் அவருக்காகக் குளியலறையை மாற்றவும் ஸ்டேர்லிஃப்ட் பொருத்தவும் வாட் இல்லை. அம்மா கையெழுத்து வைத்த ஒரு பிரகடனம் கொந்தராத்துக்காரருக்குக் குடுத்தால் போதும்.